பாலர் வகுப்புக்கு வந்த ஓடை

பள்ளி திறந்த மூன்றாவது திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, பின்பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஓடை நான்கு படிகளையும் ஏறிவந்து, பாலர் வகுப்பின் கடைசி வரிசையில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தது. மழையும் இல்லை, வெள்ளமும் இல்லை. படிகள் நனைந்திருந்தன, அவ்வளவுதான். சின்ன டீச்சர் அப்போது சுவரில் ஒட்டிய மீன் படத்தைக் காட்டி, தண்ணீர் நம் நண்பன் என்று ஒன்பதாவது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முப்பத்தொரு பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

"டீச்சர், நண்பன் நாறுறான்" என்றது ஒரு வாண்டு.

பெரிய டீச்சர், அதாவது தலைமையாசிரியை, வந்து பார்த்தார். தலையில் பேன் இருந்தால் என்ன செய்வது, அம்மை போட்டால் எத்தனை நாள் விடுப்பு என்பதற்கெல்லாம் விதி இருந்தது. இதற்கு இல்லை. "யாரு சேர்த்துவிட்டது?" என்று கேட்டார். "தானாவே வந்துச்சு மேடம்." "சரி, அடம்பிடிக்காம இருந்தா இருக்கட்டும்."

ஓடை அடம்பிடிக்கவில்லை. யார்மேலும் தெறிக்காமல் நாற்காலிக்குள் அடங்கி உட்கார்ந்து, நாலு மணிக்கு மணியடித்ததும் படியிறங்கித் தன் பள்ளத்துக்குப் போய்விடும். இரண்டாம் வாரத்தில் அதன் மடியில் ஒரு பிஸ்கட் உறை மிதப்பதை சின்ன டீச்சர் பார்த்தார். தினமும் டீ குடித்ததும் கசக்கி ஜன்னல் வழியாக அவர் எறியும் அதே உறை. முகம் சுட்டது. யாரும் பார்ப்பதற்குள் எடுத்து மறைத்துவிடலாம் என்றுதான் குனிந்தார். ஆனால் முப்பத்தொரு ஜோடிக் கண்கள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தன. "இது டீச்சர் போட்டது. தப்புப் பண்ணிட்டேன்" என்றார். உடனே ஒரு பையன் எழுந்து வந்து, "இந்தப் பால் கவர் எங்க வீட்டோடது டீச்சர்" என்று இழுத்தெடுத்தான். அன்றிலிருந்து காலையில் முதல் வேலை அதுதான். அவரவர் வீட்டுக் குப்பையை அவரவர் எடுத்தார்கள். ஒற்றைச் செருப்பு ஒன்றை மட்டும் யாரும் சொந்தம் கொண்டாடவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் ஓடை நீலமாக வந்தது. காய்ச்சல் என்று பிள்ளைகள் முடிவுகட்டி, அன்றைக்கு மட்டும் அதற்குப் பக்கத்தில் மெதுவாகப் பேசினார்கள். ஒட்டி உட்கார்ந்தவள், ஓடைக்கரையில் துணிக்குச் சாயம் போடும் பட்டறை வைத்திருந்த சாயக்காரரின் மகள். பள்ளிக்கூரையே அவர் போட்டுக்கொடுத்ததுதான். மகளின் சீருடை நான்காவது தடவை நீலமானதும் அவர் நேரே வகுப்புக்கு வந்துவிட்டார்.

"எம்பொண்ணு பக்கத்துல இதை யாரு உக்கார வச்சது? துணியெல்லாம் கறை!"

அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, வாயைத் திறக்காதே என்று பெரிய டீச்சர் கண்ணைக் காட்டினார். சின்ன டீச்சருக்கு இந்த வேலை போனால் வேறு வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கறை உங்க பட்டறையோடதுங்க."

சாயக்காரர் ஓடையைப் பார்த்தார். அது விளிம்புவரை நீலமாக, தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தது. மகள் கொஞ்சம் தள்ளி இடம்விட்டாள். "இப்படி உக்காருங்கப்பா. அதுக்கு உடம்பு சரியில்ல, சத்தம் போடாதீங்க." முழங்கால் மோவாயில் இடிக்க அவர் அந்தக் குட்டி நாற்காலியில் மதியம்வரை உட்கார்ந்திருந்தார். போகும்போது சட்டைக் கை நனைந்திருந்தது.

பட்டறைக்குப் பின்னால், சாயத் தண்ணீரை வடிகட்ட மணலும் கரியும் நிரப்பிய மூன்று தொட்டிகளை அவர் கட்டி முடிக்க எட்டு மாதம் ஆயிற்று. முதலாவது தொட்டி இரண்டு முறை இடிந்தது. செவ்வாய் நீலம் ஊதாவாகி, சாம்பலாகி, பிறகு எந்த நிறமும் இல்லாமல் போக இரண்டு வருடம் பிடித்தது. அதற்குள் பழைய பிள்ளைகள் மேல்வகுப்புக்குப் போய், புதுப் பிள்ளைகள் வந்து குப்பை எடுத்தார்கள். மூன்றாம் வருடம் ஓடை கூடவே பொடிமீன்களையும் கூட்டிவரத் தொடங்கியது. அதன்பின் மீன்களைப் பார்ப்பதிலேயே அந்த வகுப்பில் யாருக்கும் அகர வரிசை ஏறவில்லை. இனி இங்கே ஓடை கற்க ஒன்றுமில்லை என்று இரு டீச்சர்களும் பேசி, ஆண்டுக் கடைசியில் மாற்றுச் சான்றிதழ் எழுதினார்கள். பெயர், ஓடை. உயரம், முழங்கால் அளவு. நடத்தை, நன்று. காப்பாளர் கையெழுத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று பெரிய டீச்சர் யோசித்துக்கொண்டிருந்தபோது, மகளை அழைத்துப்போக வந்து நின்ற சாயக்காரர் பேனாவைக் கேட்டு வாங்கினார்.