மூடியைத் திறந்துவிட்டாயா

ஏழாம் மாதத்தில் குழந்தை இறந்தே பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மோகனப்ரியாவுக்கு அவள் புருஷன் பழனி சுறா மீன் வாங்கி வந்தான். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுத்தால் பால் ஊறும் என்று எப்போதோ கேட்டிருக்கிறான். குடிக்கப் பிள்ளை இல்லை என்பது அந்த மடையனின் மண்டையில் ஏறவில்லை.

அவள் திட்டவில்லை. மீனைத் துண்டு போட்டாள், அதே எடைக்கு வெல்லம் நசுக்கினாள், இரண்டையும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடினாள். மாடியில் இருக்கும் ரோஜாத் தொட்டிகளுக்கு, வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாமல், மீன் கழிவில் எப்போதும் அவள் செய்கிற உரம்தான். தினமும் மூடியைத் திறந்து காற்று விட்டுக் கலக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் நகரியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

திருப்பதியில் அவன் மட்டும். காலையில் கம்பெனி பஸ், சாயங்காலம் அதே பஸ். வீட்டுக்கு வந்ததும் அவளிடமிருந்து போன் வரும். அவளுக்குப் பின்னால் அம்மா வீட்டு விசைத்தறி ஓடிக்கொண்டிருக்கும்.

"மூடி தெறந்து காத்து உட்டியா?"

"உட்டேன்."

"கலக்கினியா?"

"ம்."

அவ்வளவுதான் பேச்சு. குழந்தையைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை. எப்போது வருவாய் என்று கேட்க அவனுக்குப் பயம். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால்? டப்பா இருக்கும்வரை போன் வரும், அது போதும் என்று இருந்தான்.

ஒரு நாள் இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்துவிட்டு வந்து அடித்துப்போட்டதுபோல் தூங்கிவிட்டான். மாடியில் தொட்டிகளுக்குப் பின்னால் இருந்த டப்பா காற்று போகாமல் வெயிலில் உப்பி, மூடி பிய்த்துக்கொண்டு போனது. வீட்டுக்கார வெங்கடம்மா காயவைத்திருந்த வடகத்தின் மேலெல்லாம் தெறித்தது. அந்தம்மா வீட்டில் முட்டைகூட நுழையாது.

"இதி சேப்பலா? ஏடுகொண்டலவாடா! ஏழுமலையான் மலை அடியில இருந்துக்கினு என் மாடியில மீனா? இப்பவே கொட்டு, இல்லன்னா ஊட்ட காலி பண்ணு!"

மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டினான். கை நாறியது. வருத்தம் என்று ஒன்றும் வரவில்லை.

சாயங்காலம் போன் வந்தது.

"தெறந்தியா?"

"தெறந்தேன்."

மறுநாளும் திறந்தான். அதற்கு மறுநாளும் கலக்கினான். இல்லாத டப்பாவுக்குப் பொய் சொல்வதில் சிரமமே இருக்கவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் அவள் கேட்டாள்: "இந்நேரம் பதமாயிருக்கணும். மோந்து பாரு. நாத்தம் போயி பழ வாசனை அடிக்குதா?"

அடிக்கிறது என்றால் வடிகட்டித் தொட்டிக்கு ஊற்று என்பாள், அதோடு முடிந்துவிடும். இல்லை என்றால் கெட்டுப்போயிருக்கும், கொட்டிவிடு என்பாள், அதுவும் முடிவுதான்.

"கொட்டிட்டேன்," என்றான்.

"எப்போ?"

"அது வெடிச்சி நாளாவுது. ஊட்டுக்காரம்மா கத்திச்சி."

"அப்போ தெனிக்கும் தெறந்தேன்னு எதுக்கு சொன்ன?"

"இல்லன்னா நீ போன் பண்ணமாட்ட."

 தறிச் சத்தத்துக்கு நடுவே அழுகிறாளா என்று போனைக் காதோடு அழுத்திக் கேட்டான். தெரியவில்லை.

"இன்னும் பதமாவலன்னு சொல்லியிருக்கலாம் இல்ல," என்றாள். "நானும் கேட்டுக்கினே இருந்திருப்பேன்."