காற்றுப் புகாத மூடி

பூட்டு ரிப்பேர்காரருக்குக் காலையிலிருந்தே மண்டை குழம்பிப் போயிருந்தது. காரணம், அவர் தன் கையாலேயே செய்த போன்.

குட்டி கம்ப்யூட்டர் போர்டு, தொடுதிரை, சிம் போடும் சில்லு, பேட்டரி என்று ஒவ்வொன்றாக வரவழைத்து, வீடியோ பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் கூடெல்லாம் அவர் கண்ணுக்குப் பிடிக்குமா? பித்தளைத் தகட்டை வளைத்து, திரைக்கு மட்டும் ஜன்னல் வெட்டி, பின்னால் மூடி போட்டார். இத்தனை நாளும் திறந்து வைத்தே பேசிப் பார்த்தவர், நேற்றுதான் மூடியை முடுக்கினார்.

இன்று மகள் வெளியூரில் வேலைக்குச் சேருகிறாள். வீடே அந்தப் போனைக் கிண்டல் செய்தபோது சிரிக்காதவள் அவள் ஒருத்திதான். "முதல் கால் உங்க போனுக்குத்தாம்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவளிடம் போய் மானம் கப்பலேறலாமா?

ஆனால் போனில் சிக்னலே இல்லை. என்ன கோளாறு என்று திருகாணியைக் கழற்றி மூடியை எடுத்தால், சிக்னல் கோடுகள் ஜம்மென்று நிற்கின்றன. டாக்டரைக் கண்டதும் இருமலை நிறுத்திவிடும் பிள்ளை மாதிரி. சிம்மைத் துடைத்தார். பேட்டரியை மாற்றினார். உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார். திறந்தால் உயிர் வருகிறது, மூடினால் போகிறது. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"பேய் கீய் பிடிச்சிருக்கா இதுக்கு?"

மறுபடி திறந்துகொண்டிருந்தபோது மனைவி தன் போனோடு வந்தாள். "இந்தாங்க, உங்க பொண்ணு. உங்களுக்கு அடிச்சு அடிச்சுக் கை வலிக்குதாம்."

முதல் கால் அம்மாவுக்கே போய்விட்டது. அவர் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, மனைவியின் போனை வாங்கினார்.

"வச்சிடும்மா. இப்ப எனக்கு அடி, எடுக்கும்."

அடித்தது! "அப்பா!" என்று கணீரென்று குரல். அவருக்குத் தலைகால் புரியவில்லை. முழுப் போனாகக் காதில் வைத்துப் பேச வேண்டும் என்ற ஆசையில் மூடியை எடுத்து அழுத்தினார்.

"அப்பா, இங்க எனக்கு ஒரு..."

அவ்வளவுதான். கட்.

மூடியைப் பார்த்தார். போனைப் பார்த்தார். கடைசியில் மனைவியைப் பார்த்தார்.

"நம்ம லிஃப்ட்டோட இரும்புக் கதவு மூடினா என் போனும் இப்படித்தான் செத்துப் போகும். சுத்தியும் தகடு" என்றாள் அவள். "காத்துகூடப் புகாதுன்னு நேத்து பீத்திக்கிட்டீங்களே. அவ குரல் மட்டும் எப்படிப் புகும்?"

அவர் நகத்தாலேயே மூடியை நெம்பி எடுத்தார். உடனே மணி அடித்தது.

"ஏம்ப்பா கட் பண்ணீங்க?"

"நான் பண்ணலைம்மா. இல்ல, நான்தான் பண்ணேன். என்னன்னு எனக்கே இப்பதான் புரியுது. அத விடு, நீ சொல்லு."

ஒயர் ஒன்று கன்னத்தில் குத்தியது. அவர் போனை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.