திருப்பி வைக்கும் கை

கிராமபோன்காரரின் மனைவி வீட்டைவிட்டுக் கிளம்பித் தெருமுனை திரும்பினால் பெரிய சாலை வராது, அவள் வீட்டு வாசலே வரும். முதல் தடவை பெட்டியும் கையுமாக அரண்டுபோய் நின்றாள். பின்பக்கச் சந்து வழியாகப் போய்ப் பார்த்தாள், அப்போதும் வாசல்தான். ஆட்டோவில் ஏறினாள், ஆட்டோ மட்டும் சாலைக்குப் போயிற்று. தங்கை ஒருமுறை வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். தெருமுனையில் தங்கையின் கை காலியாக இருந்தது. கொஞ்ச நாளில் தெருவுக்கு இதெல்லாம் பழகிவிட்டது.

அவள் தங்கை வீட்டோடு போய்விடத்தான் கிளம்பினாள். அடி உதை ஒன்றும் கிடையாது. அந்த மனிதர் அவளிடம் பேசுவதே இல்லை, அவ்வளவுதான். முன்னறை முழுக்கப் பழைய கிராமபோன் உறுப்புகள். யார் எந்தத் துருப்பிடித்த துண்டைக் கொண்டுவந்தாலும் மோந்து பார்க்காத குறையாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மூங்கில் ஊசியைச் சீவும் கத்தரியோ, தட்டின் வேகத்தை அடக்கும் ஈயக் குண்டோ, "இது இன்னதுதான்" என்று சொல்லிவிடுவார். ஊரில் அவருக்குப் பெயரே 'இன்னதுதான்'. பெண்டாட்டிக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் அந்த மகானுக்குத் தெரியவில்லை. வருஷங்கள் ஓடின. தங்கை பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கினார்கள். இவளுக்கு அழுகையே அலுத்துப்போயிற்று.

ஒருநாள் பழைய இரும்புக்காரர் வந்தவர், வாசல் நிலைக்கு மேலே திருகியிருந்த பித்தளைக் கையை அண்ணாந்து பார்த்தார். "அட, இது நான் குடுத்ததாச்சே! என்னன்னு கேட்டேன். தெரியலைன்னுட்டாரு, அக்கா."

"அவரா? தெரியலைன்னா சொன்னாரு?"

அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை. நேரே முன்னறைக்குப் போய், "அது என்ன பாகம், சொல்லுங்க" என்றாள்.

அவர் நிமிரவில்லை. "பாட்டு முடிஞ்சதும் ஊசியைத் தூக்கி மறுபடி முதல்லயே கொண்டுவந்து வைக்கிற கை."

"அவர் கொண்டுவந்த அன்னைக்கே தெரியுமா?"

"நீ பெட்டி கட்டுறதைப் பார்த்தேன்."

"போகாதேன்னு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் இருந்திருப்பேனே!"

அவள் ஸ்டூல் போட்டு ஏறி, நிலையிலிருந்த அந்தக் கையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள். தெருமுனை திரும்பியதும் பெரிய சாலை வந்தது. பஸ்ஸில் தங்கை ஊர்வரைக்கும் அழுதாள்.

மறுநாள் காலை டீக்கடைக்குக் கிளம்பிய 'இன்னதுதான்', தெருமுனை திரும்பியதும் தங்கை வீட்டு வாசலில் நின்றார். கதவைத் திறந்த மனைவி ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டாள். இப்போது அவர் வீட்டைவிட்டு எங்கே கிளம்பினாலும் அவள் இருக்கும் இடம்தான் வருகிறது. அவள் அந்தப் பையோடு சந்தைக்குப் போயிருந்தால் சந்தையில் வந்து நிற்பார். ஏதோ சொல்ல வாயெடுப்பார், வராது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பஸ் பிடித்து ஊர் திரும்புவார். தங்கை பிள்ளைகள், "பெரியப்பா வந்தாச்சு, நேரமாச்சு" என்று கத்திக்கொண்டே பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறார்கள்.