இரண்டாவது ஃபாரம்

விஜயராணிக்குப் பேச்சு சாமர்த்தியம் உண்டு என்று முதலில் கண்டுபிடித்தவள் கிருத்திகாதான். அதுவரைக்கும் அவள் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மேசை முன்னால் நின்று, டீசர்ட்டில் ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு புருஷன் ஜெயபாண்டியுடன் திருப்பூருக்கு வந்தவள். அவனுக்குச் சாயப்பட்டறையில் வேலை. ஒரே காம்பவுண்டுக்குள் பத்துக் குடித்தனம் இருக்கிற லைன் வீட்டில் ஓர் அறையில் குடியிருந்தார்கள். அபிராமி என்று ஒரே மகள்.

2005இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருத்திகா அந்தக் காம்பவுண்டுக்கு வந்தாள். ராயபுரத்துக்காரி. அவள் புருஷன் பனியன் கம்பெனிகளுக்கு எலாஸ்டிக்கும் நூலும் விற்கிற கடை வைத்திருந்தார். அவள் கொண்டுவந்த பையில் 'வளர்பிறை' என்ற கம்பெனியின் துணி துவைக்கும் லிக்விட், பேஸ்ட், சத்துமாவு எல்லாம் இருந்தன. வெள்ளைத் துணியில் மஞ்சளைத் தேய்த்து, எல்லோர் கண்ணெதிரிலும் கறையை எடுத்துக் காட்டினாள். பெண்கள் பார்த்துவிட்டுக் கலையப் போனார்கள். அப்போது விஜயராணி, "மஞ்சக் கறை போகுதுக்கா, சரி. எங்க வீட்டுக்காரரு சட்டையில இருக்க சாயம் போகுமா, அதச் சொல்லுங்க" என்று கேட்டதோடு, உள்ளே போய் அந்தச் சட்டையையே எடுத்துவந்து வாளியில் போட்டாள். சாயம் பாதிதான் போயிற்று. "பாதி போனதே பெருசு. இந்தச் சட்டையில இத்தன வருசமா சோப்பு கரைஞ்சுச்சு, என் கை கரைஞ்சுச்சு, சாயம் மட்டும் கரையல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கொண்டுவந்த பாட்டில் அத்தனையும் அங்கேயே விற்றுப்போனது.

போகும்போது கிருத்திகா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ராணி, நீ செக்கிங் மேசையில நிக்கிற ஆளே இல்ல. என்ற கூட வா."

விஜயராணி போனாள். கம்பெனி வழக்கப்படி, ஒருவரைச் சேர்த்துவிட்டவர் அப்லைன். அவருக்குக் கீழே சேருகிறவர்கள் டவுன்லைன். கீழே இருப்பவர்கள் விற்பதிலும் மேலே இருப்பவருக்குப் பங்கு வரும். விஜயராணிக்கு அப்லைன் கிருத்திகா. பனியன் கம்பெனிகளில் டீ டைம் மணி அடிக்கும்போது விஜயராணி கேட் அருகே நிற்பாள். வெளியே வருகிற பெண்களின் பெயர், ஊர், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அவளுக்குத் தெரியும். இரண்டே வருஷத்தில் அவளுக்குக் கீழே முப்பத்தெட்டுப் பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். இனிமேல் செக்கிங் எதற்கு என்று கிருத்திகா சொல்ல, அந்த வேலையையும் விட்டுவிட்டாள். தாராபுரம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கூட்டத்தில், "விஜயராணி மேடம் மேடைக்கு வரவும்" என்று மைக்கில் கூப்பிட்டு வெள்ளிப் பிறை போட்ட ஒரு பேட்ஜைக் குத்திவிட்டார்கள். மேடம் என்று அவளை யாரும் அதற்கு முன் கூப்பிட்டதில்லை. கீழே முதல் வரிசையில் கிருத்திகா எழுந்து நின்று கைதட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினாள்.

அடுத்த வருஷம் மே மாதக் கடைசியில் கிருத்திகா இன்னொரு கம்பெனியின் ஃபாரத்தோடு வந்தாள். 'பொன்மேனி' என்று பெயர். முகத்துக்குப் போடுகிற கிரீம், பவுடர், தலைக்கு எண்ணெய்.

"இது வேற, அது வேற ராணி. வளர்பிறை துணிக்கும் வயித்துக்கும். இது மூஞ்சிக்கு. ஒண்ணுக்கொண்ணு முட்டாது. ஒரே ஆளுக்கு எத்தன டப்பா சத்துமாவு விப்ப? அதே ஊட்டுக்கு இதையும் குடுத்தா ஆச்சு."

விஜயராணி யோசித்தாள். "வளர்பிறையில சேர்றப்ப, வேற நேரடி விற்பனைக் கம்பெனியில இருக்கக் கூடாதுன்னு போட்டிருந்துச்சேக்கா. நீங்கதான வாசிச்சுக் காட்டுனீங்க."

"அதெல்லாம் போட்டிருப்பாங்க. யாரு பாக்குறாங்க? நானே என்ற மாமியா பேர்ல ஒரு வருசமா பண்ணீட்டு இருக்கறேன்."

"அப்ப நானும் எங்க வீட்டுக்காரரு பேர்ல போட்டுக்கிறேன்."

"வேண்டாங்கண்ணு. உன்ற பேர்லயே போடு. நாளைக்கு உன்ற ஒழைப்புக்கு வர்றது உன்ற பேர்ல வரோணும். ஆம்பளைங்க பேர்ல போட்டுப்போட்டு அப்பறம் அவங்க கிட்டக் கை நீட்டோணுமா?"

இவ்வளவு அக்கறையாக யாரும் அவளுக்காக யோசித்ததில்லை. அம்மா கூட யோசித்ததில்லை. ஃபாரத்தைக் கிருத்திகாவே நிரப்பினாள். விஜயராணி கையெழுத்துப் போட்டாள். பொன்மேனியிலும் அவளுக்கு மேலே கிருத்திகாதான், மாமியார் பழனியம்மாள் பேரில்.

இரண்டு பையோடு அலைவது சிரமமாகத்தான் இருந்தது. ஆனால் விற்றது. பழைய பெண்களிடமே கிரீமையும் கொடுத்தாள். இது வேறு கம்பெனி என்று சிலரிடம் சொன்னாள், பலரிடம் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

ஆவணியில் அபிராமிக்கு ஊரில் காதுகுத்து வைத்தார்கள். பேச்சுக்குத்தான் கிருத்திகாவை அழைத்திருந்தாள். அவளோ ஆறு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து, குலசாமி கோயில் வரைக்கும் வந்துவிட்டாள். அபிராமிக்குக் கொலுசு போட்டாள். பந்தியில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டாள். "உங்க மக எனக்குத் தங்கச்சி மாதிரிங்க" என்று விஜயராணியின் அம்மாவிடம் சொன்னாள். திருப்பூரில் மகளுக்கு இப்படி ஒரு துணை இருக்கிறதே என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஐப்பசியில் வளர்பிறை கம்பெனியிலிருந்து ரிஜிஸ்டர் தபால் வந்தது. விதியை மீறி வேறொரு நிறுவனத்தில் உறுப்பினராக இருப்பதால் அவளுடைய உறுப்பினர் அட்டை ரத்து செய்யப்படுகிறது. அவளுக்குக் கீழே இருந்தவர்கள் அனைவரும் அவளுடைய அப்லைனுக்கு மாற்றப்படுகிறார்கள். விஜயராணி அதை இரண்டு தரம் வாசித்தாள். உடனே கிருத்திகாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பாவம், அவளுக்கும் இதேபோலத் தபால் வந்திருக்கும், அந்தப் பதற்றத்தில் இருப்பாள் என்றுதான் விஜயராணி நினைத்தாள்.

மறுநாள் காலையில் கம்பெனியின் கிளை ஆபீஸுக்குப் போனாள். அங்கே இருந்தவர் மரியாதையான மனுஷர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, ஃபைலை எடுத்தார். "எங்களுக்கு எழுத்துல புகார் வந்துச்சுங்க. ஆதாரமும் வெச்சிருக்காங்க. விசாரிச்சோம், உண்மைன்னு தெரிஞ்சுது."

ஆதாரம் என்பது அவளுடைய பொன்மேனி ஃபாரத்தின் ஜெராக்ஸ். அது எப்படி இங்கே வந்தது என்று யோசிப்பதற்குள், அதன் மேல் பின் குத்தியிருந்த புகார்க் கடிதத்தைப் பார்த்துவிட்டாள். பெயரை அவர் கையால் மறைத்திருந்தார். மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. மூன்று வருஷமாக அவளுடைய எல்லா ஃபாரத்தையும் நிரப்பிய கையெழுத்து அது. மேலே வலது மூலையில் தேதி இருந்தது: ஜூன் நாலு.

அவள் கையெழுத்துப் போட்டது மே இருபத்தேழு. எட்டே நாள்.

"இத எழுதுனவங்களும் அந்தக் கம்பெனியில இருக்காங்க சார்" என்றாள் விஜயராணி.

"அவங்க பேர்ல இருக்குதுங்களா?"

"மாமியார் பேர்ல."

"மாமியார் வேற ஆளுங்கம்மா. எங்க விதி பேருக்குத்தாங்க. உங்களுது உங்க பேர்லயே இருக்குதுங்களே."

உன்ற பேர்லயே போடு என்று கிருத்திகா சொன்னது எதற்கு என்று அந்த நாற்காலியில் வைத்துத்தான் அவளுக்குப் புரிந்தது. ஆபீஸ்காரர் இன்னொன்றும் சொன்னார், ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. "இன்னும் ரெண்டு மாசம் போயிருந்தா நீங்க அடுத்த லெவலுக்குப் போயிருப்பீங்க. உங்க குரூப்பு தனியாப் பிரிஞ்சிருக்கும். அப்பறம் உங்க அப்லைனுக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இருக்காதுங்க."

ஆபீஸிலிருந்து அவள் வீட்டுக்குப் போகவில்லை. டீ டைம் ஆகியிருந்தது. முன்பு செக்கிங் பார்த்த பனியன் கம்பெனியின் கேட்டுக்கே போய் நின்றாள். அவளுக்குக் கீழே முதலில் சேர்ந்தவள் மருதம்மாள், ஓவர்லாக் தைக்கிறவள். விஜயராணியைப் பார்த்ததும் அவள் நடை மெதுவானது. நடந்ததை எல்லாம் விஜயராணி சொல்லி முடிக்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கிருத்திகாக்கா போன வாரமே வந்தாங்க ராணி. அவங்களுக்குக் கீழ மாறிக்கிறதா எல்லாருகிட்டயும் கையெழுத்து வாங்கிட்டாங்க. என்னையத்தான் குரூப்புக்கு லீடரா இருக்கச் சொல்லியிருக்காங்க."

"போன வாரமா? எனக்குத் தபாலே நேத்துதான வந்துச்சு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலையா?"

"நீ மட்டும் சொன்னியா?" மருதம்மாள் இப்போது நிமிர்ந்தாள். "அந்தக் கிரீமும் வளர்பிறைதான்னு நெனச்சுத்தான் எம் மகளுக்கு வாங்கினேன். வேற கம்பெனின்னு அக்கா சொல்லித்தான் தெரியும்."

தான் பொய் சொல்லவில்லை என்று விஜயராணி சொல்லலாம். உண்மையையும் சொல்லவில்லையே. மணி அடித்தது, பெண்கள் உள்ளே போனார்கள். போகும்போது நாலைந்து பேர் அவளைத் தொட்டுவிட்டுப் போனார்கள், துக்க வீட்டில் தொடுவது மாதிரி.

அங்கிருந்து ராயபுரத்துக்கு நடந்தாள். கிருத்திகா வீட்டில்தான் இருந்தாள். கதவைத் திறந்தவள் திகைத்துப்போகவில்லை. "வா ராணி, உக்காரு" என்றாள். உள்ளே மாமியார் பழனியம்மாள் சோபாவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

விஜயராணி உட்காரவில்லை. "நீங்களே சேத்துவிட்டு நீங்களே எழுதிக் குடுத்தீங்களாக்கா?"

கிருத்திகா இல்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தாள். சண்டை போடத் தயாராக வந்திருந்தாள். ஆனால் கிருத்திகா நிதானமாகச் சொன்னாள். "நீ பிரிஞ்சு போனா என்ற லைன்ல பாதி போயிரும். ஆறு வருசமா நாயா அலைஞ்சு கட்டுனது. நான் என்ன பண்ணட்டும்?"

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல. பிரிய வேணாம் ராணின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் லெவலே வேணாம்னு நின்னுருப்பேன்."

"இப்பச் சொல்லுவ. அப்ப மேடையில கூப்பிட்டா போகாம இருப்பியா?"

அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. போகாமல் இருந்திருப்பாளா என்று விஜயராணிக்கே தெரியவில்லை. ஆனால் அவள் கேட்க வந்தது அதுவல்ல.

"ஜூன்ல எழுதிக் குடுத்துட்டு, ஆவணியில எங்க ஊருக்கு வந்தீங்களே. எம் மகளுக்குக் கொலுசு போட்டீங்க. எங்கம்மா கையால சோறு வாங்கிச் சாப்பிட்டீங்க. எப்படிக்கா முடிஞ்சுச்சு?"

கிருத்திகா "நீ கூப்பிட்ட, வந்தேன். அது வேற, இது வேற" என்றாள்.

விஜயராணி பழனியம்மாளைப் பார்த்தாள். பாவம், இந்த அம்மாவுக்காவது தெரியட்டும் என்று நினைத்தாள். "உங்க பேர்ல ஒரு கம்பெனி நடக்குதும்மா. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுஞ் சாமி" என்றாள் பழனியம்மாள், கீரையிலிருந்து கையை எடுக்காமல். "நாந்தான கையெழுத்துப் போட்டது. உன்ற மேல குடுத்த காயிதத்தையும் எழுதிப்போட்டு எனக்குப் படிச்சுக் காட்டுனா. பாவம், அந்தப் புள்ள நல்ல புள்ளைன்னுதான் நானும் சொன்னேன்." பிறகு மருமகளைப் பார்த்து, "வெயில்ல வந்திருக்குது. மோர் கொண்டாந்து குடு" என்றாள்.

மோர் வருவதற்குள் விஜயராணி தெருவில் இறங்கிவிட்டாள்.

அன்றைக்கு ஜெயபாண்டி அவளைத் திட்டவில்லை. "போய்ட்டுப் போகுது விடு" என்றான். திட்டியிருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம். அடுத்த இரண்டு நாளில் பொன்மேனிக்கும் விலகல் கடிதம் எழுதிப்போட்டாள். அதிலே விற்றாலும் மேலே இருப்பது பழனியம்மாள்தானே. மீதம் இருந்த கிரீம் டப்பாக்களை வாங்கியவர்களிடமெல்லாம், இது வேறு கம்பெனி, முன்னால் நான் உங்களிடம் சொல்லவில்லை என்று சொல்லியே கொடுத்தாள். இரண்டு பேர் வேண்டாமென்று டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார்கள். வாங்கி வைத்துக்கொண்டாள்.

முப்பத்தெட்டுப் பேரில் கிருத்திகாவிடம் கையெழுத்துப் போடாத ஒருத்தி இருந்தாள். ஒச்சாயி. நாற்பது வயசு, அவளும் மதுரைப் பக்கம். அதிகம் பேச மாட்டாள். அதனாலேயே அவளை விஜயராணி பெரிதாகக் கவனித்ததில்லை. மீட்டிங்குக்குக் கூடக் கடைசி ஆளாகத்தான் போன் போடுவாள். தீபாவளி முடிந்த வாரத்தில் அவள் காம்பவுண்டுக்கு வந்தாள்.

"நான் இப்ப காங்கேயம் ரோட்டுல வேற கம்பெனியில இருக்கேன். செக்கிங்குக்கு ஆள் கேக்குறாங்க. உன்னையச் சொல்லியிருக்கேன். திங்கக்கெழம வந்துரு."

"நீங்க ஏன்க்கா கையெழுத்துப் போடல?"

"எனக்கு அந்த மாவும் வேணாம், லெவலும் வேணாம். நீ வந்து கேட்ட, வாங்கினேன். நீ இல்லைன்னா எனக்கென்ன அங்க சோலி?"

திங்கட்கிழமை விஜயராணி போனாள். ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து மறுபடி நின்று பார்க்கிற வேலை. காலையிலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது. பார்க்கிற ஒவ்வொரு பீஸிலும் அவளுக்கு ஓட்டை தெரிந்தது. நல்ல பீஸையும் ஒதுக்கிவைத்து இரண்டு தரம் சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினாள்.

மத்தியானம் ஒச்சாயி டிபன் பாக்ஸைத் திறந்தாள். அயிரைமீன் குழம்பு. ஊரிலிருந்து யாரோ வந்தார்களாம். கேட்காமலேயே பாதியை எடுத்து விஜயராணியின் மூடியில் வைத்தாள்.

விஜயராணி அந்தக் குழம்பையும் ஒச்சாயியின் முகத்தையும் பார்த்தாள். இவளுக்கு என்னிடம் என்ன வேண்டியிருக்கும் என்ற நினைப்புதான் முதலில் வந்தது. வேலை வாங்கிக் கொடுத்தாள், இப்போது குழம்பு தருகிறாள், அடுத்து எந்த ஃபாரத்தை எடுத்து நீட்டப் போகிறாள். அந்த நினைப்பு தானாக, சட்டென்று வந்த விதத்தைப் பார்த்து அவள் பயந்துபோனாள். உறுப்பினர் அட்டை போனபோது கூட அவளுக்கு அப்படிப் பயம் வரவில்லை.

"என்ன புள்ள, உறைக்குதா?" என்றாள் ஒச்சாயி.

"இல்லக்கா, இன்னும் வாயில வைக்கல."

"சாப்பிடு. மணி அடிச்சுருவான்."

அவள் சோற்றைப் பிசைந்தாள். அந்த நினைப்பு இன்னும் போகவில்லை. ஆனாலும் அள்ளி வாயில் வைத்தாள்.