போன வருடத்துப் பேச்சு

வேட்டு வெடித்தது, கோயில் கூரையிலிருந்த புறாக்கள் கலைந்து பறந்தன. அதற்குத் திரி வைத்த பீட்டர் ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்திலேயே இறந்து அடக்கமாகியிருந்தார். யாரும் திடுக்கிடவில்லை. பினாங்குக் கடற்கரையோரத்து அந்தோணியார் கோயில் வளாகத்தில், திருவிழா அன்று எழும் எந்தச் சத்தமும் அடுத்த வருடத் திருவிழாவில்தான், எழுந்த அதே இடத்தில், கேட்கும். 1911இல் தொடங்கியது, 1920 வாக்கில் ஊர் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டது. புதுச் சாமியார் மேடையில் வாயசைக்க, சயாமுக்கு மாற்றலாகிப்போன பழைய சாமியாரின் பிரசங்கம் கேட்டது. கடலைக்காரன் போன வருடம் கூவிய விலை இப்போது காதில் விழுந்ததால், பெண்கள் அந்தக் காசையே நீட்டி வாங்கினார்கள். சமாதானமாகிவிட்ட சம்பந்திகள் பழைய வசவைக் கேட்டு மறுபடியும் முறைத்துக்கொண்டார்கள்.

துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வில்லியம் மட்டும் வெளிவாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். போன வருடம் அவன் ஊருக்குப் புதியவன், வழக்கம் தெரியாது. வாதுமை மரத்தடியில் நின்ற டோரதியிடம் போய், அவள் தங்கை அன்னமேரியைத் தனக்குப் பெண் கேட்டான். தன் குரல் தனக்கே கேட்காததைப் பயத்தில் தொண்டை அடைத்ததாக எண்ணிக்கொண்டான். டோரதி ஏதோ வாயசைத்து, வெட்கத்தோடு தலையாட்டினாள். தூரத்திலிருந்து அதைப் பார்த்த அவள் அப்பா லாரன்ஸ் ஓடிவந்து வில்லியத்தைக் கட்டிக்கொண்டார். மூத்தவளுக்கு வரன் அமையாமல் தவித்தவர் அவர். அவளைத்தான் கேட்டதாக நினைத்துவிட்ட அவரிடம் வில்லியம் மறுத்துச் சொல்லவில்லை. மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசித்து அறிவித்துக் கல்யாணம் முடிந்தது.

சூலியா தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஹபீப் முகம்மதுதான் பிறகு விஷயத்தைச் சொன்னார். "அங்க பேசினது அழியாது தம்பி. அடுத்த வருஷம் அப்படியே வந்து விழும்லா. ஏன், ஏதும் ஏடாகூடமாப் பேசிட்டியா?"

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. டோரதி வைக்கும் நெத்திலிச் சம்பல் மட்டும் இறங்கியது. தூக்கத்தில் அவள் தன்மேல் போடும் காலை அவன் விலக்கியதே இல்லை. அந்தக் கால் இல்லாத படுக்கையை நினைத்தால் கண் கலங்கியது. திருவிழாக் காலையில், "அக்கரையில கெப்பாலா பத்தாஸ் போய்க் கோழி வாங்கிட்டு வருவோமா?" என்று கேட்டுப் பார்த்தான்.

"கோழி எங்கயும் ஓடிப்போவாதுலா. சட்டையப் போடுங்க" என்றாள் டோரதி.

வேட்டு முழங்கியதும் அவன் அவளை மணிக்கூண்டுப் பக்கம் இழுத்தான். அவள் நேராக வாதுமை மரத்தடிக்கே நடந்து, அப்பாவையும் அன்னமேரியையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். வில்லியத்தின் போன வருடத்துக் குரல் இலைகளுக்கடியில் பணிவாக எழுந்தது: "டோரதி, உங்க தங்கச்சி அன்னமேரிய எனக்குக் கட்டித் தருவாங்களான்னு அப்பாகிட்ட கேட்டுச் சொல்றீங்களா?" அதை அமுக்க அவன் தொண்டை கிழியக் கத்தினான், அந்தக் கத்தல் அடுத்த வருடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. லாரன்ஸின் கையிலிருந்த மெழுகுவர்த்தி சாய்ந்தது. டோரதி, பொறுங்கள் என்பதுபோல் ஒரு விரலை உயர்த்தினாள். அவளுடைய போன வருடத்துக் குரல் நிதானமாக வந்தது:

"வாயசைவு நல்லாத்தான் புரியுது வில்லியம். ஆனா இது உங்க காதுல விழும்போது நான் உங்க பொண்டாட்டியாப் பக்கத்துல நிப்பேன்."