எண்பத்திரண்டாம் ஆண்டுச் சத்தம்

ஹில்மி யாரையும் லேசில் நம்புகிறவர் அல்ல. பிலிமத்தலாவையில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர் வருகிறவன் போகிறவனையெல்லாம் நம்பினால் கடை மிஞ்சாது. குழாய் விற்க வருபவன் கனத்தைச் சொன்னால், ஒரு தட்டுத் தட்டி அதன் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் தலையாட்டுவார். அப்படிப்பட்டவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது ஒரேயொரு ஆளை. அது சுதேஷ், பள்ளிக்கூடக் காலத்துக் கூட்டாளி. கலஹாப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிளாக்காக இருந்து, போன வருடம் நோயில் இறந்துபோனவர்.

இப்போது அந்தச் சுதேஷ் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஆள் செத்த பிறகு வந்த சந்தேகத்தை யாரிடம் போய்க் கேட்பது?

சுதேஷின் மகள் நிஷாந்தினி அனுப்பிய ஒலிப்பதிவுதான் காரணம். அப்பாவின் அலுமாரியில் ஒரு பழைய ஒலிநாடாக் கெசட் கிடைத்ததாம். எண்பத்திரண்டாம் ஆண்டில் அவர் தொழிற்சாலைச் சத்தங்களைப் பதிந்து, வெட்டி ஒட்டிச் செய்த இசையாம். மறக்கப்பட்ட முன்னோடிகளின் இசைத்தட்டுகளைப் போடும் பெல்ஜியம் கம்பனி ஒன்று அதைக் கேட்கிறதாம். அந்தக் காலத்தில் கூட இருந்தவர் என்று ஹில்மி ஒரு வார்த்தை சாட்சி சொன்னால் போதுமாம்.

பகல் தொழுகை முடிந்து வந்து, கல்லாவில் உட்கார்ந்தபடியே கேட்டார். தேயிலை உருட்டும் ரோலர்கள் சுழன்றன. பெல்ட் அறைந்தது. ஒரு இரும்புக் கதவு மூடி மூடித் திறந்தது. ஒழுங்கில்லாதது போலத் தொடங்கி மெல்ல மெல்ல ஆளைப் பிடித்து உள்ளே இழுத்தது. உண்மையாகவே நன்றாக இருந்தது, அதுதான் அவருக்கு வயிற்றெரிச்சல்.

லண்டனிலிருந்து ஹில்மியின் மச்சான் கொண்டுவந்த ஒரு கெசட்டில்தான் இருவருக்கும் இந்தப் பைத்தியம் பிடித்தது. இன்டஸ்ட்ரியல் இசை. லண்டனிலும் ஷெஃபீல்டிலும் சில பொடியன்கள் பாட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மெஷினைப் பாட வைத்தார்கள். பெர்லினில் துளைபோடும் மெஷினை மேடையில் ஏற்றினார்கள். ஊரெல்லாம் அதைத் தலைவலி என்றது. ஹில்மிக்கோ அவர்கள் எல்லாரும் இறைநேசர்களான அவுலியாக்கள் மாதிரி. எந்த வருடம் யார் எதை முதலில் செய்தார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். முதலில் செய்தவன்தான் ஆள், பின்னால் வந்தவனெல்லாம் கொப்பி அடித்தவன் என்பது அவருடைய தீர்ப்பு. அந்த வரிசையில், கூடவே சுற்றித் திரிந்த சுதேஷும் ஒருவன் என்றால், அதைத் தன்னிடம் ஏன் மறைத்தான்? வேறு எதையெல்லாம் மறைத்தான்?

“கூட்டாளி மௌத்தான அண்டைக்கும் நீங்க மூஞ்சிய இப்பிடி வெச்சிருக்கல்ல” என்றாள் மனைவி அஸீமா. அவர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

மறுநாள் திரும்பவும் கேட்டார். ரோலர்கள் நின்று சத்தம் அடங்கிய ஓரிடத்தில் எழுந்து வாசலுக்குப் போனார். ரொட்டி விற்கும் ஓட்டோவின் மெட்டு கேட்டது, சூன் பாண் வந்துவிட்டது, அஸீமா பணிஸ் வாங்கச் சொல்லியிருந்தாள். தெருவில் பாண் ஓட்டோவைக் காணவில்லை. காதிலிருந்த இயர்ஃபோனைக் கழற்றினார், மெட்டு நின்றது. மாட்டினார், மெட்டு கேட்டது. பதிவுக்குள்தான் பாண் ஓட்டோ எங்கோ தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. தினமும் கேட்டுப் பழகிய காதுக்கு அது ஒரு சத்தமாகவே படுவதில்லை. செய்தவருக்கும் படவில்லை, பெல்ஜியக்காரனுக்கோ அது என்னவென்றே தெரியாது. எண்பத்திரண்டில் பாண்காரன் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வந்தான். மெட்டுப் போடும் ஓட்டோ வந்தது எவ்வளவோ பின்னால்.

அப்படியென்றால் இது எண்பத்திரண்டில் பதிந்ததே அல்ல, சுதேஷ் எதையும் மறைக்கவில்லை. ஹில்மிக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நிமிடமே கோபம் வந்தது. கடையைப் பூட்டிவிட்டு, பேராதனையில் மாறி, கலஹா பஸ்ஸில் ஏறினார்.

நிஷாந்தினி கதிரையை இழுத்துப் போட்டாள். “வாங்க அங்கிள், டீ குடிக்கிறீங்களா?”

“டீ இரிக்கட்டும். எண்பத்திரண்டுல சூன் பாண் எங்கால வந்த, மகள்?”

அவள் முகம் செத்துப்போனது. ஆனாலும் பொய்யை இழுத்துக்கொண்டு போகவில்லை. “நான்தான் செஞ்சேன். ஃபோன்ல பதிஞ்சு, கம்ப்யூட்டர்ல சேர்த்தேன். அப்புறம் பழைய கெசட்ல ஏத்துனேன். என் பேருல அனுப்பினப்ப அவங்க பதிலே போடல. அப்பா பேரப் போட்டதும் உடனே பதில் வந்துச்சு.”

“மௌத்தான மனுசன்ட பேர்ல பொய்யா? ஒங்கட அப்பாக்கு இது தெரியுமா?”

“கெசட் விசயம் தெரியாது. இந்தச் சத்தத்தக் கேட்டிருக்காரு. ஆஸ்பத்திரியில திரும்பத் திரும்பப் போடச் சொன்னாரு.”

ஹில்மி கதிரையை முன்னால் இழுத்தார். “அப்ப எனக்கு ஏன் அனுப்பல்ல? இந்த ஊர்ல இதக் கேக்க வேற யாரு ஈக்கிற?”

அவள் தயங்கினாள். “அனுப்பத்தான் போனேன் அங்கிள். அப்பாதான் வேணாம்னாரு. ‘ஹில்மி நல்லவன்தான். ஆனா இது நல்லாருக்கான்னு பாக்க மாட்டான், யாரு முன்னாடி செஞ்சதுன்னுதான் பாப்பான். புள்ள மனசு விட்டுரும்’னாரு.”

சுதேஷ் மறைக்கத்தான் செய்திருக்கிறான். சந்தேகப்பட்டது வீண் இல்லை என்று ஆகிவிட்டது, காரணத்தைத்தான் தாங்க முடியவில்லை. மறுத்துப் பேச வாயெடுத்தார். இதே பதிவு இவள் பெயரில் வந்திருந்தால் முழுதாகக் கேட்டிருப்பாரா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். வெட்கமாக இருந்தது.

“நான் பொய் சாட்சி சொல்ல ஏலாது” என்றார் கடைசியில். “இது ஒங்கட பேர்ல போகோணும். அவங்களுக்கு அப்பிடியே சொல்றன்.”

“சொன்னா விட்டுருவாங்க அங்கிள். அவங்களுக்கு இது எப்படியிருக்குங்கிறது முக்கியமில்ல. பழசா இருக்கணும், அவ்வளவுதான்.”

“தெரியும் மகள்” என்றார் ஹில்மி. “நானும் அவங்கட ஆள்தான்.”