காற்றுக்கு ஒரு கட்டம்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தின் பரிசோதனை அறையில், பத்து மீன்குஞ்சுகளும் கண்ணாடித் தொட்டியை விட்டு எழுந்து, மேசைக்கு ஒரு முழம் மேலே காற்றில் நீந்திக்கொண்டிருந்தன. வெளியே தூறல், ஜன்னல் சாத்தியிருந்தது.

பரிசோதனைக்கார அக்கா அலறவில்லை. பன்னிரண்டு வருஷமாக அவளுக்கு ஒரே வேலைதான். ஆற்றுத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுவாள், நகக்கண் அளவுள்ள பத்துக் குஞ்சுகளை விடுவாள், மறுநாள் எண்ணுவாள். பெரிய மீன் எதையும் தாங்கிக்கொள்ளும். குஞ்சுக்குத்தான் சொரணை அதிகம். பிழைத்தால் ஊருக்குத் தண்ணீர், செத்தால் மதகு மூடப்படும். நடுவில் குஞ்சுகளுக்குத் தீனி போடக் கூடாது என்பது சட்டம். மிச்சத் தீனி தண்ணீரைக் கெடுத்துவிடும். அந்தச் சட்டம் மட்டும் அக்காவுக்குத் தொண்டையில் முள். அவித்த முட்டையின் மஞ்சள் கருவை உதிர்த்து, யாரும் பார்க்காதபோது ஒரு சிட்டிகை தூவிவிடுவாள். அவள் புருஷனுக்கு வெள்ளைக் கரு மட்டுமே கிடைத்து வந்ததாகத் தெருவில் பேச்சு. குஞ்சுகள் செத்தால் அக்கா சாப்பிடாமல் கிடப்பாள். அதைக் காணச் சகிக்காமல்தான் அவை சாவதை விட்டுவிட்டு, கெட்ட தண்ணீரிலிருந்து எழுந்து வந்தன என்பதில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை.

சிக்கல் பதிவேட்டில் இருந்தது. அதில் இரண்டே கட்டங்கள்: உயிருடன், இறந்தவை. மேலதிகாரிக்கு ‘அடிஸ்கேல்’ என்று பட்டப்பெயர். கோடு போட்டுக் காட்டினால்தான் மனுஷன் காப்பியே குடிப்பார். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, காற்றிலேயே எண்ணினார்.

“பத்தும் உசுரோடதானேம்மா இருக்கு? மதகைத் திறக்கச் சொல்லு.”

“சார், அதுங்க தண்ணியிலயே இல்ல சார்.”

“எங்க இருந்தா என்ன? அதை எழுதக் கட்டம் இருக்கா?”

கட்டம் இல்லை. துள்ளுகிற ஜீவனைச் செத்ததாக எழுதவும் அக்காவுக்குக் கை வரவில்லை. மதகு திறந்தது. பதினோரு மணிக்குள் தண்ணீர் கடைக்கோடி வீடுவரை போய்விடும். அந்தக் கடைக்கோடி வீட்டில் அவள் தங்கை எட்டு மாத வயிற்றோடு, நாளுக்குப் பத்துச் சொம்பு குடித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா செருப்புக்கூட மாட்டாமல் ஓடினாள். பின்னால் குஞ்சுகள். அவற்றுக்குப் பின்னால், வேலை நேரத்தில் வெளியே போனதற்கு விளக்கம் கேட்க மேலதிகாரி. வழியில் தையல்கடைக்காரர் மிஷினை நிறுத்தாமலே, “என்ன சார், மீனெல்லாம் காத்து வாங்கக் கிளம்பிடுச்சா?” என்றார். தங்கை சொம்பைத் தூக்கிய நேரம், பத்துக் குஞ்சுகளும் முந்திப் பாய்ந்து அதன் வாயை அடைத்துக்கொண்டன.

“என்னக்கா இது? தாகத்துல நாக்கு வறளுது, விளையாடாதே.”

“குடிக்காதடி! கீழ ஊத்து!”

“ஊத்துறேன் ஊத்துறேன். முதல்ல இதுங்களை என் மூக்குலேர்ந்து எடு.”

மூச்சு வாங்க வந்த மேலதிகாரி குஞ்சுகளைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார், அந்த வயிற்றைப் பார்த்தார். விளக்கம் கேட்க வந்தவர், பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் மதகை மூடச் சொல்லிக் கத்தினார். ஆற்றின் மேல்பக்கம் சாயப்பட்டறைக் குழாய் ஒன்று இரண்டு நாளாகக் கழிவை ஆற்றில் கொட்டிக்கொண்டிருந்தது மறுநாள் தெரிந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே மேலதிகாரி பேனாவைத் தட்டித் தட்டி, அடிஸ்கேல் வைக்காமலே, பதிவேட்டில் மூன்றாவது கோடு கிழித்து, ‘காற்றில்’ என்று தலைப்பு எழுதினார்.

தங்கைக்குப் பெண் பிறந்தது. மூன்று தெருவுக்குக் கேட்கிற தொண்டை. மூன்றாவது கட்டத்தில் எண் விழுகிற நாட்களில் பெண்கள் கேட்காமலே குழாயை மூடிவிட்டு, கொடியில் மாட்டிக்கொண்ட குஞ்சுகளை விலக்கித் துணி காயப்போட்டார்கள். ஆறு வருஷம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து தணிக்கைக்கு வந்தவர் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். உயிருடன், இறந்தவை, காற்றில்: மூன்றையும் கூட்டிப் பார்த்தார். எல்லா நாளும் பத்து வந்தது. மூன்றாவது கோடு கொஞ்சம் கோணலாக இருப்பதாக மட்டும் குறித்துவிட்டுப் போனார்.